பொறி பிறக்கும் கணம்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அதன் வேகத்தைப் போற்றுவர். அதனால் பெருகிய தொழிற்சாலைகளையும் சாலைகளையும் எண்ணிக் காட்டுவர். ஸ்டியரிங் சக்கரத்தின் அடியில், இடப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு நெம்புகோலைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. இன்றைய காரில் அந்நெம்புகோல் இல்லை. அதனை நேரில் கண்ட தலைமுறையும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. எனினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டுநரின் இடக்கை விரல்கள் அதனைவிட்டு நீண்ட நேரம் விலகியதில்லை. எஞ்சினுக்குள் தீப்பொறி எக்கணத்தில் பிறக்கவேண்டும் என்பதை அன்று மனிதனே முடிவு செய்தான். அம்முடிவு மனிதன் கையிலிருந்து இயந்திரத்தின் கைக்கு எவ்வாறு மாறியது, அம்மாற்றத்திற்கு யார் யார் என்ன விலை கொடுத்தனர் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதற்கண், பொறிக்கு நேரம் பார்ப்பது ஏன் என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலெழுந்து அழுத்துகிறது. பொறி பட்டதும் அக்கலவை வெடித்துச் சிதறுவதாகப் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. வைக்கோற்போரின் ஒரு மூலையில் வைத்த நெருப்பு மறுமூலை நோக்கிப் பரவுவது போலவே, சிலிண்டருக்குள்ளும் தீ ஓரிடத்தில் தொடங்கிப் பரவுகிறது. அவ்வாறு பரவி முடிய ஏறத்தாழ ஒரு வினாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரம் ஆகும் என்று கொள்வோம். நிமிடத்திற்கு 1000 சுற்றுச் சுழலும் எஞ்சினில் அந்நேரத்திற்குள் சுழல்தண்டு 12 பாகை திரும்பிவிடுகிறது. 3000 சுற்றானால் 36 பாகை. வேகம் கூடக் கூடக் கலவையின் கொந்தளிப்பும் மிகுந்து தீ சற்று விரைந்து பரவும் என்பது உண்மையே. ஆயினும் பிஸ்டனின் ஓட்டத்திற்கு அது முழுவதும் ஈடுகொடுப்பதில்லை.

பிஸ்டன் உச்சியைக் கடந்து கீழே இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்திற்குள் அழுத்தம் உச்சநிலையை அடைந்தால்தான் முழு வலிமையும் கிட்டும். எனவே, பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே பொறி பிறந்தாகவேண்டும். வேகம் கூடினால் இன்னும் முன்னதாகப் பிறக்கவேண்டும். இதனையே பொறியை முற்படுத்துதல் என்கிறோம். பொறி பிந்தினால் எஞ்சின் சோர்ந்து சூடேறும். மிகவும் முந்தினாலோ, மேலேறி வரும் பிஸ்டனைத் தீ எதிர்த்துத் தள்ளும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று 3000 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு நூறு பொறிகள் பிறக்கின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் உரிய பாகையில் பிறந்தாகவேண்டும்.

தொடக்கக் காலத்தார்க்கு இச்சிக்கல் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. 1860-இல் பாரிசில் லெனுவார் என்பவர் செய்த எரிவாயு எஞ்சினில் மின்பொறி இருந்தது; ஆனால் கலவையை அழுத்தும் முறை அதில் இல்லை. 1876-இல் ஜெர்மனியின் ஓட்டோ நான்கு வீச்சு எஞ்சினை நிலைநாட்டியபோது கலவை அழுத்தப்பட்டது. ஆனால் அதனைக் கொளுத்தியது மின்பொறியன்று, வெளியே எரிந்த ஒரு சுடரே. டெய்ம்லரும் மைபாக்கும் 1883 அளவில் கையாண்ட முறை அதனினும் எளியது. சிலிண்டரின் பக்கத்தில் ஒரு சிறு குழாயைச் செருகி, அதனை வெளியிலிருந்து பர்னர் கொண்டு செந்நிறமாகக் காய்ச்சினர். அழுத்தப்பட்ட கலவை அக்குழாய்க்குள் புகுந்து தானே தீப்பற்றியது. இம்முறையில் நேரத்தை விருப்பம்போல் மாற்றும் வழி இல்லை. போதாக்குறைக்கு, பெட்ரோல் தொட்டிக்கு அருகே திறந்த சுடர் ஒன்று எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது! அவ்வண்டிகளில் ஏறி அமர்ந்தவர்களின் துணிவை மெச்சத்தான் வேண்டும்.

கார்ல் பென்ஸ் வேறு வழியில் சென்றார். 1886 ஜனவரி 29-ஆம் நாள் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியில் மின்கலமும் அதிர்வுச் சுருளும் பொறியை உண்டாக்கின. எஞ்சின் அமைப்பில் தம்மை வாட்டிய இடர்களுள் தலையாயது இந்த எரிபற்றலே என்பது அவருடைய கருத்து. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமலே இரு மைந்தரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸைமுக்கு அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் மின்கம்பி தேய்ந்தபோது தம் காலுறைப் பட்டியைக் கழற்றி அதற்கு உறையிட்டார் என்பர். உலகின் முதல் நெடும்பயணத்திலேயே பழுதானவற்றுள் பொறிக்கம்பியும் ஒன்று.

நேரத்தை மாற்றும் வசதி இன்றியமையாதது என்பதை உணர்த்தியது பிரெஞ்சு நாட்டு டி தியோன் பூத்தோன் எஞ்சின். 1895-இல் வந்த அச்சிறு எஞ்சின் நிமிடத்திற்கு 1500 சுற்றுக்கும் மேல் சுழன்றது. டெய்ம்லரின் எஞ்சின்களோ அதில் பாதியளவே சுழன்றன. அவ்வளவு விரைவுக்குக் காய்ந்த குழாய் ஒத்துவராது. எனவே பூத்தோன் மின்கலம், சுருள், தொட்டு விலகும் முனை ஆகியவற்றை அமைத்து, முனை விலகும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு நெம்புகோலையும் வைத்தார். நாம் தேடும் நெம்புகோலின் மூதாதை இதுவே.

மின்கலம் அன்று நம்பத்தக்கதாக இல்லை. அதற்கு மாற்றாக, காந்தத்தைக் கொண்டு மின்னாக்கும் மாக்னீட்டோவை வண்டிக்கு ஏற்றதாகச் செய்தது ஸ்டுட்கார்ட்டில் இருந்த ராபர்ட் போஷ் பட்டறை. 1897-இல் டி தியோன் மூன்று சக்கர வண்டி ஒன்றில் அது பொருத்தப்பட்டது. 1902-இல் அப்பட்டறையின் பொறியாளர் ஹோனோல்டு உயர் மின்னழுத்த மாக்னீட்டோவையும் ஸ்பார்க் பிளக்கையும் இணைத்து அளித்தார். 1906-க்குள் போஷ் ஒரு லட்சம் மாக்னீட்டோக்களைச் செய்து முடித்திருந்தது. பொறி உறுதியாயிற்று. அது பிறக்கும் நேரம் மட்டும் ஓட்டுநரின் விரல்நுனியிலேயே நின்றது.

அந்நிலையின் நன்மையையும் தீமையையும் முழுமையாகக் காட்டுவது 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டன. ஃபோர்டு நிறுவனம் 1926-இல் சிங்கப்பூரில் மலாயாக் கிளையைத் தொடங்கியபோதும் அவ்வகை வண்டியே உற்பத்தியில் இருந்தது. அதன் ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே வலப்பக்க நெம்புகோல் பெட்ரோலுக்கு. இடப்பக்க நெம்புகோல் பொறிக்கு. வண்டியைக் கிளப்புமுன் இடப்பக்க நெம்புகோலை மேலே தள்ளிப் பொறியைப் பிற்படுத்தவேண்டும். பின்னர் வண்டியின் முன்னே சென்று கிராங்க் கம்பியைச் சுழற்றவேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் ஓடிவந்து நெம்புகோலைக் கீழே இழுத்துப் பொறியை முற்படுத்தவேண்டும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் தட்டினால் சிறிது பின்னே. சமதரையில் ஓடும்போது சிறிது முன்னே. இவ்வளவையும் காதால் கேட்டே செய்தாகவேண்டும். கண்ணால் பார்த்துக்கொள்ள அளவுமானி எதுவும் இல்லை.

நெம்புகோலை மேலே தள்ள மறந்தவன் கதி என்ன? மனிதக் கை சுழற்றும்போது எஞ்சினின் சுழற்சி மிக மெதுவானது. அந்நிலையில் முந்திப் பிறந்த பொறி, பிஸ்டன் உச்சியை எட்டுமுன்னரே தீயை மூட்டி அதனைக் கீழே அடித்துத் தள்ளும். சுழல்தண்டு எதிர்ப்புறமாகத் திரும்பும். கிராங்க் கம்பியும் அதனோடு திரும்பி, பிடித்திருந்த கையைத் தாக்கும். மணிக்கட்டின் அருகே எலும்பு முறிந்தோர் மிகப் பலர். இதனால் பழகிய ஓட்டுநர் புதியவர்க்கு இரண்டு பாடங்களை முதலில் கற்பித்தனர்: கம்பியைக் கட்டைவிரலால் வளைத்துப் பிடிக்கலாகாது, இடக்கையால் மேல்நோக்கி இழுக்கவேண்டுமேயன்றி வலக்கையால் கீழ்நோக்கி அழுத்தலாகாது. முன்கை எலும்பின் நுனியில் ஏற்படும் ஒருவகை முறிவுக்கு மருத்துவ நூல்களில் ‘சோஃபர் முறிவு’ என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. ‘சோஃபர்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு முதற்பொருள் நெருப்பை மூட்டிச் சூடாக்குபவன் என்பதாகும். நீராவி எஞ்சினில் கரி தள்ளியவனைக் குறித்த சொல், பெட்ரோல் வண்டி ஓட்டியவனைக் குறித்து, இறுதியில் அவனுடைய உடைந்த எலும்பையும் குறித்தது. சொற்பொருள் மாற்றம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

இக்கொடுமைக்குத் தீர்வு கண்டவர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் வாழ்ந்த சார்ல்ஸ் கெட்டரிங். அவருடைய மின்கல எரிபற்றல் முறை 1910-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. 1912-ஆம் ஆண்டு வண்டியில் அவருடைய மின் ஸ்டார்ட்டர் வந்தது. வண்டி செய்பவரான பைரன் கார்ட்டர் என்பார், வழியில் நின்றுபோன ஒரு பெண்மணியின் காரைக் கிளப்ப உதவப்போய்க் கிராங்க் தாக்கி மாண்டார் என்றும், அவருடைய நண்பரான காடிலாக் தலைவர் லேலண்டு அத்துயரத்தால் ஸ்டார்ட்டரைச் செய்யச் சொன்னார் என்றும் ஒரு கதை பல நூல்களில் காணப்படுகிறது. கார்ட்டர் இறந்தது 1908-இல். ஸ்டார்ட்டர் செய்யப்பட்டது 1911-இல். இடையே உள்ள ஆண்டுகளை நோக்கினால், ஒரு மனிதரின் சாவிலிருந்து ஒரு கருவி நேராகப் பிறந்தது என்பது கதை சொல்வோர்க்கு இனிக்கும் சுருக்கமேயாகும். முறிந்த கைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பெயர் தெரிந்த ஒருவரை மட்டுமே கதை நினைவில் வைத்துக்கொண்டது.

மின் ஸ்டார்ட்டர் கையைக் காத்தது. நெம்புகோலை அகற்றத் தொடங்கியது மற்றொரு சிறு கருவி. பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இரண்டு எடைக்கட்டிகளைச் சுருள்வில்லோடு பிணைத்தனர். தண்டு விரைந்து சுழன்றால் கட்டிகள் வெளியே விலகி, பொறி பிறக்கும் நேரத்தை முன்னுக்குத் தள்ளின. வேகம் தணிந்தால் வில் அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. நீராவி எஞ்சினில் பழைமையாக வழங்கிய மையவிலக்குத் தத்துவமே இது. 1910-களிலேயே உயர்விலை வண்டிகள் சிலவற்றில் இது இருந்தது. ஆனால் எளியோர் வாங்கிய வண்டிக்கு வந்துசேரக் காலமாயிற்று. 1931 வரை செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் ஏ வண்டியிலும் நெம்புகோல் இருந்தது. 1932-இல் வந்த ஃபோர்டு எட்டுச் சிலிண்டர் வண்டியில் அது இல்லை.

இதற்கிடையில் மற்றொரு தொல்லை தலைதூக்கியது. எஞ்சினின் வலிமையைப் பெருக்கக் கலவையை மிகுதியாக அழுத்தியபோது உள்ளிருந்து உலோகத்தில் சுத்தியால் தட்டுவது போன்ற ஒலி எழுந்தது. இதற்குக் கெட்டரிங்கின் மின்கல எரிபற்றலே காரணம் என்று பலர் பழி கூறினர். உண்மையில், பரவும் தீ வந்து சேருமுன் மறுமூலையிலிருந்த கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே பற்றிக்கொள்வதே அத்தட்டொலி. பொறியைப் பிற்படுத்தினால் ஒலி அடங்கும். வலிமையும் உடன் குறையும். பொறியை நகர்த்தாமலே ஒலியை அடக்க வழி உண்டா என்று ஆராயுமாறு 1916-இல் தாமஸ் மிட்ஜ்லி என்னும் இளம் பொறியாளரைக் கெட்டரிங் பணித்தார். பனிக்கு அடியிலேயே பூக்கும் ஒரு செடியின் இலைகள் செந்நிறமாதலின், செந்நிறம் வெப்பத்தை விரைந்து ஏற்கும் போலும் என்று இருவரும் ஊகித்தனர். எரிபொருளுக்குச் செந்நிறம் ஏற்றக் கையிலிருந்த அயோடினைக் கலந்தனர். ஒலி அடங்கிவிட்டது! பின்னர் வேறு செஞ்சாயங்களைக் கலந்தபோது ஒரு பயனும் விளையவில்லை. வேலை செய்தது அயோடின், நிறம் அன்று. பிழையான ஊகம் சரியான வழியைத் திறந்துவிட்ட நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

ஆனால் அவ்வழி சென்று சேர்ந்த இடம் கொடியது. 1921 டிசம்பர் 9-ஆம் நாள் ஈயச் சேர்மமான டெட்ராஎத்தில் லெட் தட்டொலியைச் சிறிதளவிலேயே அடக்குவதை மிட்ஜ்லி கண்டார். 1923 பிப்ரவரியில் டேட்டனில் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அந்நஞ்சு பரவி, தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளர் முன்னிலையில் அத்திரவத்தில் கைகளைக் கழுவிக் காட்டினார். அதனால் தீங்கில்லை என்றார். 1925 மே மாதம் கூடிய மாநாட்டில் தொழில்நோய் அறிஞர் அம்மையார் ஆலிஸ் ஹாமில்டன் எச்சரித்தார். மறு ஆண்டே விற்பனை மீண்டும் தொடங்கிற்று. சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதனை நிறுத்தியது 2021-இல்தான். தொண்ணூற்றெட்டு ஆண்டுகள்! பொறியைச் சில பாகை பின்னுக்குத் தள்ளி வலிமையில் சிறிது இழக்க மனம் ஒப்பாமல், உலகெங்கும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தைக் கலந்தனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி, வேகத்தை உணர்ந்த எடைக்கட்டிகள் உணராத ஒன்றைக் காண்போம். அது எஞ்சின் சுமக்கும் பாரம். காலால் பெட்ரோல் மிதியை இலேசாக மட்டும் அழுத்தி வண்டியைச் சமதரையில் ஓட்டும்போது, காபுரேட்டரின் வாயிலை அடைத்துள்ள தகடு சிறிதே திறந்திருக்கிறது. சிலிண்டருக்குள் புகும் கலவை குறைவு. அதனோடு எஞ்சிய புகையும் கலந்திருக்கும். நெருக்கமில்லாத கலவையில் தீ மெதுவாகவே பரவும். எனவே அந்நிலையில் பொறி மேலும் பத்துப் பாகையோ அதற்கு மேலோ முந்தவேண்டும். மிதியை முழுதும் அழுத்தி மேட்டில் ஏறும்போது கலவை நெருக்கமாகப் புகுகிறது. தீ விரைந்து பரவும். முன்போலவே பொறியை முந்தவிட்டால் தட்டொலி எழும். வேகம் இரண்டு நிலைகளிலும் ஒன்றாகவே இருக்கலாம். வேண்டிய நேரமோ வேறு. மாடல் டி ஓட்டியவன் இவ்வேறுபாட்டைக் காதால் அறிந்தான், எடைக்கட்டிகளுக்கோ காதில்லை.

1930-களில் பரவிய வழி மிக எளிமையானது. வாயில் சிறிது திறந்திருக்கையில் எஞ்சின் தான் உறிஞ்சும் காற்றுக்காக ஏங்குகிறது. அதனால் உட்செல்லும் குழாயில் வெற்றிடம் மிகுகிறது. வாயில் முழுதும் திறந்ததும் வெற்றிடம் மறைகிறது. அவ்வெற்றிடத்தை ஒரு மெல்லிய குழாய் வழியாக டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள ஒரு சிறு கிண்ணத்திற்குக் கொண்டுவந்தனர். கிண்ணத்துள் ஒரு சவ்வு. சவ்வோடு ஒரு கம்பி. கம்பியின் மறுமுனை பாயிண்ட் அமர்ந்துள்ள தட்டில். வெற்றிடம் சவ்வை இழுத்தால் தட்டு திரும்பிப் பொறி முந்தும். வெற்றிடம் மறைந்தால் வில் அதனைப் பழைய இடத்திற்குக் கொணரும். பட்டறைகளில் இதனை ‘வேக்குவம் அட்வான்ஸ்’ என்பர். எஞ்சினின் மூச்சே அதன் பாரத்தைச் சொல்லிவிடுகிறது. பெட்ரோலை மிச்சப்படுத்தியதில் இச்சிறு கிண்ணத்தின் பங்கு பெரிது. புகழோ அதற்குக் கிட்டவில்லை.

மனிதனின் கை அப்போதும் முழுதாக விலகிவிடவில்லை. மலாயாச் சாலைகளிலும் பெருவழக்காக ஓடிய மோரிஸ் மைனர் 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அந்நாட்டில் போர்க்காலம் முதல் 1953 தொடக்கம் வரை ‘பூல்’ எனப்பட்ட ஒரே தரமான மட்டப் பெட்ரோலே விற்கப்பட்டது. அது எளிதில் தட்டும் இயல்புடையது. அதன்பின் நல்ல பெட்ரோல் வந்ததும் அதே எஞ்சினில் பொறியை முற்படுத்த முடிந்தது. இத்தகைய மாறுதலுக்கென்றே லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் விரலால் திருகத்தக்க ஒரு சிறு மரையும், முற்படுத்தலையும் பிற்படுத்தலையும் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் இருந்தன. மரை திரும்பும்போது ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும். ஏறத்தாழப் பதினொரு ஒலிக்கு ஒரு பாகை. வண்டியைத் தாழ்ந்த வேகத்தில் உயர் கியரில் ஒரு மேட்டில் ஏற்றி, தட்டொலி கேட்டால் சில ‘டிக்’ பின்னே, கேளாவிடில் சில ‘டிக்’ முன்னே என்று உரிமையாளரே திருத்திக்கொண்டனர். ஸ்டியரிங்கின் கீழிருந்த நெம்புகோல் எஞ்சின் மூடிக்கடியில் ஒரு மரையாகச் சுருங்கி வாழ்ந்தது எனலாம்.

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சட்டங்கள் புகையின் நஞ்சைக் குறைக்கக் கோரின. சட்டம் நியாயமானது; அதற்கு உடனே கிடைத்த மலிவான வழி, பொறியை வேண்டுமென்றே பிற்படுத்துவதாக இருந்தது. பிந்தி எரிந்த கலவை புகைக்குழாயிலும் எரிந்து தூய்மையாயிற்று. ஆனால் எஞ்சின் சூடேறிப் பெட்ரோலை விழுங்கியது. சில வண்டிகளில், குறைந்த கியரில் ஓடும்போது வெற்றிடக் குழாயையே அடைத்து வைத்தனர். எஞ்சினுக்கு எது நல்லது என்னும் கேள்வியோடு ஊருக்கு எது நல்லது என்னும் கேள்வியும் சேர்ந்துகொண்டபோது, வில்லும் சவ்வும் மட்டும் போதவில்லை. 1977-இல் ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோவில் நேரத்தை நுண்கணிப்பி முடிவு செய்தது. 1979-இல் போஷின் மோட்ரானிக் பெட்ரோலையும் பொறியையும் ஒன்றாக ஆண்டது. 1978 முதலே பியூயிக் வண்டி சிலவற்றில் தட்டொலியை ‘கேட்கும்’ உணரி ஒன்று எஞ்சினில் பொருத்தப்பட்டிருந்தது. மாடல் டி ஓட்டுநரின் காது எழுபது ஆண்டுகளுக்குப் பின் இரும்பில் மீண்டும் முளைத்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மெல்ல மெல்ல மறைந்தது.

பழைய வண்டிகளைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் அப்பழைய வேலையைச் செய்கின்றனர். ஈயமற்ற பெட்ரோலுக்கு, அச்சிட்ட கைநூலில் உள்ள பாகை எப்போதும் பொருந்துவதில்லை. அவர்கள் வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மின்னி மின்னி அணையும் விளக்கின் ஒளியில் சக்கரத்தின் குறி அசையாமல் நிற்பதைக் கண்டு டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது திருப்புகின்றனர். குழாயைக் கழற்றாமல் பார்த்தவர் பிழையான எண்ணைச் சரியென்று எழுதிக்கொள்வர். இப்பிழை மிகப் பரவலானது. சவ்வு கிழிந்திருக்கிறதா என்பதை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சவேண்டும். பாயிண்ட் தட்டு சற்றே திரும்பும். உடனே நாவினால் நுனியை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கி, தட்டைப் பார்க்கவேண்டும். அது திரும்பிய இடத்திலேயே நின்றால் சவ்வு நலமாக இருக்கிறது. மெல்லத் தன் பழைய இடத்திற்கு நழுவினால் எங்கோ ஒரு கிழிசல் இருக்கிறது.